காத்தாயிக்கு வைத்த பொட்டு

துடைத்தோமா, இல்லையா? விடிந்ததிலிருந்து இந்த ஒரு கேள்விதான் கொளஞ்சியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பெண்ணையாற்றுக்கு அக்கரையில் பிரெஞ்சுக்காரன் படையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். பனி விலகியதும் ஆற்றில் இறங்குவான். இக்கரையில் இங்கிலீசுக்காரன் எழுப்பி வைத்திருக்கிற இந்த நத்தமேட்டு மண்கோட்டையைத் தரைமட்டமாக்கப் பார்ப்பான். கோட்டைக்குள் இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. கொளஞ்சிக்கும்தான். ஆனால் அவன் பயம் அக்கரையைப் பார்த்து இல்லை. தன் முழங்கைக்குப் பக்கத்தில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே, ஆற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பீரங்கியைப் பார்த்து. காத்தாயி என்று அதற்குப் பேர். துரைமார் என்ன பேர் வைத்தார்களோ, பீரங்கி தள்ளுகிற ஆட்களுக்கு அவள் காத்தாயிதான். நேற்று ஆயுத பூஜை. மத்தியானமே மருந்தும் குண்டும் கெட்டித்து அவளைத் தயாராக நிறுத்தியாகிவிட்டது. சாயங்காலம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொட்டு வைத்த கை கொளஞ்சியுடையது. பின்பக்கம் மேலே, பற்றுவாய்க்குப் பக்கத்தில் வைத்தான். பற்றுவாய் என்பது சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. அதில் மருந்து தூவி நெருப்பைக் காட்டினால் நெருப்பு உள்ளே இறங்கும், உள்ளே இருக்கிற மருந்து பிடிக்கும், குண்டு போகும். அந்தத் துளைதான் அவளுக்கு உயிர். சந்தனம் தண்ணியாக இருந்தது. மழை இருட்டு வேறே. விரலை எடுக்கும்போது பொட்டு வழிந்தது. வழிந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. வழிந்ததைப் பார்த்து ‘அய்யய்யோ’ என்று மனசுக்குள் சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தோல்மூடியை இழுத்துப் பற்றுவாயை மூடி வாரைக் கட்டியதும் நினைவிருக்கிறது. நடுவில்தான் ஒன்றும் இல்லை. நடுவில் துடைத்தோமா?

விரலை மோந்து பார்த்தான். சந்தன வாசம். பொட்டு வைத்த விரலில் சந்தனம் மணக்காமல் வேறென்ன மணக்கும், இதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது. சரி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது, விடிய விடியத் தோன்றியது. எதிரி ஆற்றில் இறங்கினால் ஒழிய, படைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போடாமல் தொடக்கூடாது என்று பக்கத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே தாண்டவன் அண்ணன், பீரங்கி ஆட்களுக்கு மூப்பர், அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எப்படித் திறப்பது? கலப்பையைத் தொட்டாலே அன்றைக்கு அடி விழுகிற ஊர்க்காரர் அவர். எதற்குடா தொட்டே என்பார். துடைத்தேனா என்று பார்த்தேன் அண்ணே என்றால், அப்போ துடைக்கலையா என்பார். அப்புறம் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும். கொளஞ்சிக்கு இது பிறவிக் கோளாறு, அதையும் சொல்லிவிட வேண்டும். மாட்டுக்கொட்டாய் படலைச் சாத்திவிட்டு வருவான், பாயில் படுத்ததும் சாத்தினோமா என்று எழுந்து போவான். அக்கா பூங்காவனம் இருட்டில் படுத்தபடியே சொல்லுவாள், ‘சாத்திட்டடா, நான் பார்த்தேன், படு.’ அவள் சொன்னால் போதும், தூக்கம் வந்துவிடும். அவள் நிஜமாகப் பார்த்தாளா, இவன் தொல்லை தாங்காமல் சொன்னாளா, அதை இவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தடவை அவள் ஊரில் இல்லை. இவன் எழுந்து போனான், படல் சாத்தித்தான் இருந்தது, நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திறந்து பார்த்தான், திறந்ததை அப்படியே விட்டுவிட்டு நிம்மதியாக வந்து படுத்தான். காலையில் செவலைக் கன்று ஏரியில் மிதந்தது. வயிறு உப்பி, ஒரு கண் திறந்தபடி. அந்தக் கண் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. சனியன், வேறே எதையாவது நினை. மருந்தை நினைக்காதே. சந்தனத் தண்ணி சொட்டுச் சொட்டாக அந்தத் துளைக்குள் இறங்கி, உள்ளே துணிப்பையில் கட்டியிருக்கிற மருந்தை நனைத்து, மருந்து சேறாகிக் கிடக்கிறதை நினைக்காதே.

அக்கரையில் ஒரு மாடு கத்தியது. பனிக்குள் யாரோ மரத்தில் ஆப்பு அடிக்கிற சத்தம், டொக், டொக், நின்று, மறுபடி டொக். ‘பீரங்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறானுங்க’ என்றார் தாண்டவன், வெற்றிலையை மென்றுகொண்டே. அவர் குரலில் ஒரு பதட்டமும் இல்லை. ஏன் இருக்கப்போகிறது, அவருக்குத்தான் காத்தாயி இருக்கிறாளே. எல்லாருக்கும் காத்தாயி இருக்கிறாள். அதுதானே வயிற்றெரிச்சல். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மீரானும் அவன் சிப்பாய்களும் வாசல் வழியாக வெளியே போனார்கள். ஆற்று மணலில், நாணல் புதருக்குப் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரன் தண்ணீரில் இறங்கியதும் ஒரு வெடி வெடித்துவிட்டு எழுந்து கோட்டையைப் பார்த்து ஓடிவர வேண்டும். அவன் விரட்டிக்கொண்டு வருவான். திறந்த மணல், ஒதுங்க ஒரு செடி கிடையாது. அவன் மணலுக்கு வந்ததும் காத்தாயி வாய் திறப்பாள், அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. கோட்டையை நடத்துகிற டாப்சன் துரை போட்ட ஏற்பாடு இது. போகிறபோது மீரான் நின்று காத்தாயியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். மாலை போட்டிருக்கிறதைப் பார்த்துச் சிரித்தான். ‘என்னடா கொளஞ்சி, பொண்ணைச் சோடிச்சு உட்கார வச்சிருக்கீங்க. உங்க ஆத்தாளை நம்பித்தான் முதுகைக் காட்டிக்கிட்டு ஓடிவரப் போறோம். தூங்கிடப் போறா, பார்த்துக்க.’ கொளஞ்சியும் சிரித்தான். சிரித்தானே பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ‘இரு மீரானு, ஒரு சந்தேகம்’ என்று சொல்ல எத்தனை நேரமாகும்? மீரான் பாதி வெற்றிலையைக் கிள்ளி இவன் கையில் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் உள்ளங்கையில் வியர்த்துக் கிடக்கிறது.

சொல்லிவிடலாம். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எழுந்து நேரே டாப்சன் துரையிடம் போய்விடலாம். அவர் குளிர்சுரத்தில் நடுங்கிக்கொண்டு உள்ளே கட்டிலில் கிடக்கிறார், பற்றுவாயைக் குத்திப் பார்க்கிற ஊசி அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. துரை, நான் வைத்த சந்தனம் பற்றுவாயில் இறங்கியிருக்கும்போல, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவ்வளவுதானே பேச்சு? அவ்வளவுதான். ஆனால் துரை எதைக் கேட்பார்? உன் மச்சான் எங்கே என்று கேட்பார். ஏற்கெனவே ஒருநாள் கேட்டாரே. ‘உன் அக்கா புருஷன் அந்தப் பக்கம் பீரங்கியில் இருக்கிறானாமே?’ கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. ஆமாம், இருக்கிறார். அய்யாக்கண்ணு மச்சான் புதுச்சேரிக்காரனிடம் சேர்ந்தார், கொளஞ்சி இங்கே சேர்ந்தான். அந்தப் பஞ்சத்தில் எவன் அரிசி போட்டானோ அவன் பக்கம், அதற்குமேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை. இதைத் துரைக்கு எந்த பாஷையில் சொல்லுவது? வடக்கே ஏதோ ஒரு கோட்டையில் பற்றுவாயில் ஆணி அடித்தவனை அதே பீரங்கி வாயில் கட்டிவைத்துச் சுட்டார்களாம். தாண்டவன் அண்ணன் கண்ணால் பார்த்தவர். அதைச் சொல்லும்போது அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார். ஆணிக்குப் பதில் சந்தனம், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார்கள். அக்கா புருஷனுக்காகச் செய்தான் என்பார்கள். மச்சானாம், மச்சான். சுத்தக்காரர். சோறு தின்றால் கையை மூன்று தண்ணீரில் கழுவுவார். கல்யாணமான புதிதில் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இவன்தான் பொட்டு வைப்பான், அவர் பின்னாலேயே ஈரத்துணியோடு வந்து வழிந்ததையெல்லாம் துடைப்பார். ‘மச்சான், சாமிக்கு வச்ச பொட்டையே அழிக்கிறீங்களே’ என்று இவன் கிண்டல் பண்ணுவான். ‘பொட்டுன்னா பொட்டா இருக்கணும்டா, பூச்சா இருக்கக்கூடாது’ என்பார். பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த மனுஷன் இப்போது அந்தப் பனிக்குள் எங்கேயோ தன் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரும் நேற்று பொட்டு வைத்திருப்பார். அக்கா, நீ இங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். துடைச்சிட்டடா, நான் பார்த்தேன், படு. ஒரே ஒரு வார்த்தை அக்கா. பொய்யாகவாவது சொல்லேன்.

தாண்டவன் எழுந்தார். ‘தண்ணி விட்டுட்டு வர்றேன். கண்ணை ஆத்துமேல வச்சிரு’ என்று மதிலோரமாக நடந்தார். கொளஞ்சி கண்ணை ஆற்றின்மேல் வைக்கவில்லை. அவர் முதுகு மறைந்ததுதான் தாமதம், கை தானாகப் போய் வாரை அவிழ்த்தது. ஆத்தா, மன்னிச்சுக்கோ, மறுபூஜைக்கு முன்னால் தொடுகிறேன், உன் நல்லதுக்குத்தான். தோல்மூடியைத் தூக்கினான். பற்றுவாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் காய்ந்து கிடந்தது. நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பு வெறும் துளையா, உள்ளே அடைப்பு இருக்கிறதா? குனிந்தான். அவன் நிழலே விழுந்து மறைத்தது. தள்ளி நின்றான், வெளிச்சம் போதவில்லை. ஊதினான். காற்று உள்ளே போனதா, திரும்பி மூஞ்சியில் அடித்ததா, பாழாய்ப்போன மூச்சு நடுங்குகிற நடுக்கத்தில் அதுவும் தெரியவில்லை. மதில்மேல் அடைத்திருந்த கருவேல முள்ளில் நீளமாக ஒன்றை ஒடித்தான். குத்திப் பார்ப்போம். நுனி கறுப்பாக, காய்ந்து வந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. ஈரமாக வந்தால் ஓடிப்போய்த் துரை காலில் விழ வேண்டியதுதான். முள் உள்ளே போனது. தடையில்லாமல் போனது. ஒரு கணம் அவன் மனசு சந்தோஷத்தில் குதித்தது. அப்புறம் எதிலோ இடித்து நின்றது. அந்த ஆழத்தில் மருந்துப் பைதான் இருக்கும், இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும் என்று நேற்றுவரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பான். இன்றைக்கு அது பையாகத் தோன்றவில்லை. சந்தனம், சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது என்றே தோன்றியது. அழுத்தினான். திருகினான். இன்னும் கொஞ்சம். விரலுக்கு ஒரு லேசான சொடுக்குத் தெரிந்தது, சத்தம்கூடக் கேட்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தான். பாதி முள்தான் கையில் இருந்தது.

மற்றொரு முள்ளை ஒடித்து அந்த முள்ளை எடுக்கப் பார்த்தான், அது இன்னும் உள்ளே இறங்கிக் குறுக்கே மாட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினான், நகம் எங்கே எட்டும். காலடிச் சத்தம். மூடியைப் போட்டு வாரைக் கட்டி உட்கார்ந்துவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை என்று உட்கார்ந்துவிட்டான், மகாபாவி. தாண்டவன் வந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். ‘என்னடா இப்படி வேர்க்குது உனக்கு? சுரமா? துரைகிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?’ என்றார். ‘இல்லேண்ணே’ என்றான். ‘பயமா? நம்மகிட்ட இவ இருக்கறப்போ என்னடா பயம். போன மழையில அந்த ஓடைக்கரையில எப்படிப் பேசினா, பார்த்தேல்ல?’ பார்த்தேன் அண்ணே. பேசினாள். இப்போது அவள் தொண்டையில் முள். நான் வைத்த முள். இதுவரைக்கும் சந்தேகம், இனிமேல் சந்தேகமே இல்லை, அதில் ஒரு கேவலமான நிம்மதிகூட இருக்கிறது பார். இப்போது சொல்ல வேண்டும். எண்ணிக்கொண்டே சொல்லிவிடு, ஒன்று, இரண்டு. பீரங்கி வாய் எவ்வளவு சில்லென்று இருக்கும், முதுகை அதில் வைத்துக் கட்டினால். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நேரத்தில் அதுவா கவலை. மீரான் நாணலில் படுத்திருப்பான், ஈரமணல் வயிற்றில் குளிரும், திரும்பிக் கோட்டையைப் பார்த்துக்கொள்வான், காத்தாயி இருக்கிறாள் என்று. பிரெஞ்சுக்காரன் வராமலே போகலாம். பனி விலகாமலே இருக்கலாம். அய்யாக்கண்ணு மச்சானுக்குச் சுரம் வந்திருக்கலாம். பனி விலகிக்கொண்டிருந்தது. முதலில் அக்கரைப் பனைகளின் தலை தெரிந்தது, பிறகு இடுப்பு, பிறகு அவற்றுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக ஆட்கள், வரிசை வரிசையாக, ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில். எப்போது இறங்கினார்கள்? கண்ணை ஆற்றின்மேல் வைக்கச் சொன்னாரே அண்ணன்.

நாணலிலிருந்து வெடி கிளம்பியது. புகை எழுந்தது, புகைக்குள்ளிருந்து மீரானும் அவன் ஆட்களும் எழுந்து கோட்டையைப் பார்த்து ஓடிவரத் தொடங்கினார்கள். தாண்டவன் துள்ளி எழுந்தார். ‘துரை! துரை!’ என்று கத்தினார். டாப்சன் துரை சட்டைப் பொத்தான்கூடப் போடாமல், கையில் எரிகிற திரிக்கோலோடு வந்தார். வாரை அவிழ்க்கக் குனிந்த தாண்டவனின் கையைக் கொளஞ்சி பிடித்துக்கொண்டான். ‘அண்ணே, முள்ளு’ என்றான். ‘என்ன முள்ளு?’ ‘பத்துவாயில. சந்தனம் இறங்கியிருக்குமோன்னு குத்திப் பார்த்தேன், உடைஞ்சுபோச்சுண்ணே.’ தாண்டவன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். துரை கழுத்து ஊசியை விட்டுப் பார்த்தார், பாதியில் நின்றது. மறுபடி விட்டார். ஊசி வளைந்தது. துரை நிமிர்ந்து யாரையும் கேட்காமல் நேராகக் கொளஞ்சியைப் பார்த்தார். மணலில் மீரான் ஓடிவந்துகொண்டிருந்தான், பின்னால் வெள்ளை வரிசை தண்ணீரை விட்டு ஏறிக்கொண்டிருந்தது, மீரான் ஓடிக்கொண்டே கையைத் தூக்கி ஆட்டினான், சுடு, சுடு என்று. ‘முதுகைக் காட்டிக்கிட்டு ஓடிவரப் போறோம்’ என்றானே. மேற்கே பனந்தோப்பு இருக்கிறது, இப்போது திரும்பினால் பிழைப்பார்கள், கோட்டை வாசலுக்கு ஓடிவந்தால் மணலிலேயே வெட்டுப்படுவார்கள், அவர்களுக்கு யார் சொல்லுவது? சொல்ல வேண்டியவன் சொன்னால்தானே. கொளஞ்சி முள்ளை மிதித்துக்கொண்டு மதில்மேல் ஏறினான். காலில் குத்தியது தெரியவில்லை. நின்றான், இரண்டு கரைக்கும் தெரியும்படி நின்றான். ‘மீரானு! வராதே! தோப்புக்கு ஓடு! பீரங்கி வெடிக்காது! நான் கெடுத்துட்டேன், வெடிக்காது!’ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். இப்படி அவன் வாழ்நாளில் கத்தியதில்லை. கோட்டைக்குள் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மீரானும் கேட்டான். நின்றான், காத்தாயியைப் பார்த்தான், கொளஞ்சியைப் பார்த்தான். அந்தத் தூரத்திலும் அவன் முகம் மாறியது தெரிந்தது. பிறகு கையை வீசி ஆட்களைத் திருப்பினான். தோப்பைப் பார்த்து ஓடினார்கள். அக்கரைப் பனைகளுக்கு நடுவில் ஒரு வெளிச்சம் வெட்டியது. சத்தம் பின்னால் வந்தது. வாசலுக்கு முன்னால் மணல் பனை உயரத்துக்கு எழும்பி, சடசடவென்று கோட்டைக்குள் கொட்டியது. மச்சான் துடைத்திருக்கிறார். இது ஒன்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது. எந்த அவசரத்திலும் துடைத்திருப்பார், அந்த மனுஷன்.

இறங்கினான். இறங்கும்போது இடுப்பில் செருகியிருந்த வேட்டி முந்தி முள்ளில் மாட்டி உருவிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்தான். முந்தியின் ஓரத்தில் ஏதோ கையில் மொரமொரவென்று பட்டது. விரித்துப் பார்த்தான். சந்தனம். காய்ந்து மஞ்சள் பூத்துப்போன சந்தனம், நடுவில் மருந்துக் கறுப்போடு, அவன் ஆள்காட்டி விரல் அகலத்துக்கு, அழுத்தி ஒரு திருகுத் திருகித் துடைத்த தடம். நேற்றே துடைத்து, முந்தியைச் செருகிக்கொண்டு, அப்புறம்தான் மூடியை இழுத்திருக்கிறான். இரவு முழுக்க இடுப்பிலேயே இருந்திருக்கிறது. இரண்டு சிப்பாய்கள் வந்து அவன் தோளைப் பிடித்தார்கள். டாப்சன் துரை ஏதோ சொன்னார், கயிறு என்பது மட்டும் புரிந்தது. வெளியே மணலில் கூச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டவன் அவனுக்கு எதிரில் வந்து நின்றார். ‘ஏண்டா பாவி, முள்ளை விடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக்கூடாதா? நேத்து அந்தப் பொட்டைத் துடைச்சியாடா நீ?’ என்றார்.

கொளஞ்சி முந்தியை மடக்கி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.

‘தொடச்சிருக்கேண்ணே’ என்றான்.